வானிலிருந்து தெரிவதும் வாசலிலிருந்து தெரிவதும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலைப் பிரதான மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், நகரத் திட்டமிடல் துறையில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "உங்கட வேலையைப் பற்றிச் சொல்லுங்க, ஆனால் எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்க" என்றார். நியாயமான நிபந்தனை. என் வேலைக்கு ஆங்கிலத்தில் நீண்ட பெயர் உண்டு. எங்கள் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: செய்மதிகள் வானிலிருந்து எடுக்கும் படங்களையும், ஊரில் வாழும் சனங்கள் தாங்களே சேர்த்துத் தரும் தகவல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஒரு நகரத்தின் வடிகானையோ காற்றையோ வெக்கையையோ எப்படிச் சீராக்கலாம் என்று ஒரு சிறிய இடத்தில் செய்து பார்ப்பது. இதைத்தான் 'ஸ்மார்ட் சிற்றி முன்னோடித் திட்டம்' என்கிறார்கள். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆனால் இதன் அரிச்சுவடியை நான் படித்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, இந்தப் பாடசாலையின் எட்டாம் வகுப்பில்.

எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ரீச்சர் ஒரு நாள் நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படத்தைக் கொண்டுவந்து கரும்பலகையில் தொங்கவிட்டார். ஓர் அங்குலம் தரையில் ஒரு மைல். வாவி இருந்தது, பாலம் இருந்தது, கோயில்களும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருந்தன. "இதில உங்கட வீடு எங்க இருக்கு, வந்து காட்டுங்க" என்றார். ஒருவராலும் காட்ட முடியவில்லை. அந்தப் படத்தில் எங்கள் வீடுகள் இல்லை. "அப்ப நீங்களே போட்டுக்கொண்டு வாங்க" என்று சொல்லி, ஆளுக்கொரு தாள் தந்தார். பாடசாலையிலிருந்து வீடு வரைக்கும் நடந்து, மாரியில் தண்ணீர் எங்கே நிற்கும், எத்தனை நாள் நிற்கும், எந்தக் கிணறு உவர்க்கும் என்று அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்டுக் குறித்துவரச் சொன்னார். முப்பத்தாறு தாள்களையும் ஒட்டிப் பின்சுவரில் ஒரு பெரிய படமாக்கினார். ஓரங்குலப் படத்தில் இல்லாத எல்லாம் அதில் இருந்தன.

சில வருடங்களில் நாட்டு நிலைமை மாறியது. வரைபடம் கையில் இருந்தால் கேள்வி வரும் என்ற காலம் வந்தது. ரீச்சர் அதைக் கழற்றிச் சுருட்டி எங்கோ வைத்துவிட்டார். பிறகு நான் அதைக் காணவே இல்லை.

வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதலில் சொல்கிறேன்.

1972 இல் அமெரிக்காவின் முதலாவது லாண்ட்சாற் செய்மதி ஏவப்பட்டது. அன்று தொட்டு இன்றுவரை அந்த வரிசைச் செய்மதிகள் பூமியைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. 2008 இல் அந்தக் களஞ்சியம் முழுவதும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஐரோப்பியர் 2014 ஏப்ரலில் சென்ரினல்-1 ஐயும், 2015 ஜூனில் சென்ரினல்-2 ஐயும் ஏவினார்கள். அவற்றின் படங்களுக்கும் காசு இல்லை. சென்ரினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். எங்கள் கணக்கில் ஏறக்குறைய நாலு பேர்ச் காணி. லாண்ட்சாற் படத்தில் ஒரு புள்ளி முப்பத்தைந்து பேர்ச். வாவிக்கரையில் எந்தக் கண்டற்காடு எந்த வருடம் குறைந்தது, எந்தத் தாழ்நிலம் எப்போது நிரப்பப்பட்டது என்று இன்று ஒரு பாடசாலைப் பிள்ளை கணினியில் வரிசையாகப் பார்க்கலாம். என் இளமையில் பெரிய அலுவலகங்களிலும் இந்த வசதி இருக்கவில்லை.

ஆனால் எங்கள் ஊருக்குப் படம் மிகவும் தேவைப்படும் நாட்களில் சாதாரணக் கமரா உதவாது. மட்டக்களப்பின் மழையில் பெரும்பகுதி நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் பெய்வது. அந்த நாட்களில் செய்மதி மேலிருந்து பார்த்தால் தெரிவது முகில்தான். அதற்காகத்தான் சென்ரினல்-1 இல் ராடர் வைத்திருக்கிறார்கள். அது தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பிடிக்கிறது. முகிலும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அசையாமல் கிடக்கும் தண்ணீர் கண்ணாடி போல, வந்த அலையை அப்பால் தெறிக்க விட்டுவிடும். செய்மதிக்குத் திரும்பி வருவது சொற்பம். ஆகவே வெள்ளம் கறுப்பாகத் தெரியும். வயல்வெளியில் வெள்ளம் எவ்வளவு பரந்திருக்கிறது என்பதை இதைப் போல் வேறெதுவும் சொல்லாது.

வீடுகள் நெருங்கிய இடத்தில்தான் சிக்கல். அலை தண்ணீரில் பட்டு, பக்கத்து மதிலில் பட்டு, வந்த வழியே செய்மதிக்குத் திரும்பிவிடும். கறுப்பாகத் தெரியவேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். ஒழுங்கை ஒடுங்கியிருந்தால் வீட்டின் நிழலுக்குள் மறைந்துவிடும். தென்னையும் மாமரமும் கவிந்த வளவுக்குள் அலை சரியாக இறங்காது. அதோடு, ஒரு செய்மதி அதே தடத்துக்குத் திரும்பி வர 12 நாளாகும். எங்கள் வெள்ளம் அதற்குள் வந்து, வீட்டைப் பாழாக்கி, வற்றியும் போய்விடும்.

நிலத்தின் உயரத்தையாவது வானிலிருந்து அறியலாமே என்று கேட்பீர்கள். 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று 11 நாட்களில் உலகின் பெரும்பகுதியினது உயரத்தை அளந்தது. இன்றும் பல நாடுகளில் அந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள். அதில் பிழை சில மீற்றர் வரை வரும். மர உச்சியையும் கூரையையும் தரை என்று எண்ணிக்கொள்ளும். மலைநாட்டுக்கு அது பரவாயில்லை. எங்கள் ஊரில் வெள்ளம் ஏறும் வீட்டுக்கும் ஏறாத வீட்டுக்கும் இடையில் உயர வித்தியாசம் சில வேளை ஒரு முழம்தான். அந்த ஒரு முழத்தை அந்தப் படம் அறியாது. 

அந்த ஒரு முழத்தை அறிந்தவர் யார்? வாசலில் இருப்பவர்தான். முதற்படிக்குத் தண்ணீர் வந்தால் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றவேண்டும், இரண்டாம் படிக்கு வந்தால் பிள்ளைகளை அனுப்பவேண்டும் என்று தெரிந்த அம்மாதான். தோணாவில் எந்த இடத்தில் குப்பை அடைக்கும், புதிதாகக் கட்டிய எந்த மதில் எந்த வளவின் தண்ணீரை மறித்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தன் ஒழுங்கை மட்டுமே தெரியும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற கேள்வி மாரிதோறும் எழும். பிந்தினால் வயலும் வீடும் தண்ணீரில். முந்தினால் உவர்நீர் உள்ளே, மீன்பிடிப்பவருக்கு நட்டம். அதைத் தீர்மானிக்க முழு வாவியும் தெரியவேண்டும், ஒவ்வோர் ஒழுங்கையும் தெரியவேண்டும். ஒன்று வானத்திலிருந்து வருவது, மற்றது வாசலிலிருந்து வருவது.

இது வெளிநாட்டுக் கதை அல்ல. 2012 இல் உலக வங்கி தெற்காசியாவில் 'திறந்த நகரங்கள்' என்ற முயற்சியைத் தொடங்கியபோது, முன்னோடியாக எடுத்த மூன்று நகரங்களில் ஒன்று மட்டக்களப்பு. மற்றவை டாக்காவும் காத்மண்டுவும். 1978 நவம்பர் சூறாவளியும், 2004 டிசெம்பர் சுனாமியும், நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்த 2011 ஜனவரி வெள்ளமும் கண்ட மண் இது. மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவின் 48 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளிலும் 30,000 க்கு மேற்பட்ட கட்டடங்களை முதலில் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். பின்னர் நேரில் போய், எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது, கூரை ஓடா தகரமா, வீடா கடையா பாடசாலையா என்று சேர்த்தார்கள். அவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மப் என்ற, எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய உலகப் படத்தில் பதிந்தார்கள். அந்த நாளில் ரீச்சர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. எங்கள் வீடுகள் படத்தில் ஏறிவிட்டன.

ஆனால் கூரையைப் படத்தில் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. போர் முடிந்த அந்த வருடங்களில் பல அலுவலகங்களிலிருந்தும் ஆட்கள் வந்து ஏதேதோ படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள். எந்தப் படிவம் எதற்கு என்று சனங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் என் சின்னம்மா தொலைபேசியில் கேட்டார்: "என்னகா பிள்ள, ரெண்டு பேர் வந்து வீட்டைப் பார்த்து எழுதிப் போறாங்க. நல்லதுக்கா, கெட்டதுக்கா?" நல்லதுக்குத்தான் என்றேன். "அப்ப எழுதினதை எங்களுக்குக் காட்டுவாங்களா?" என்றார்.

எண்ணப்படுவதற்குப் பயந்து வாழ்ந்த தலைமுறை அது. வீட்டில் எத்தனை பேர், யார் வந்தார், யார் போனார் என்று எழுதிக் கொடுத்த தாள் எங்கே போய் எந்த உருவில் திரும்பி வரும் என்று நடுங்கிய காலத்தை இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அறிவீர்கள். சின்னம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அன்று என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய கேள்வி என்பதும் சில வருடங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் வேலை செய்த ஓர் ஐரோப்பிய நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கோடை வெக்கை அங்கே இப்போது உயிர்க்கொல்லி. நகரத்தில் எங்கே வெக்கை கூட என்று அறிய, சனங்களிடம் சிறிய வெப்பமானிகளைக் கொடுத்து வீட்டில் வைக்கச் சொன்னோம். இணையத்தில் அறிவித்தோம், நூற்றுக்கணக்கானோர் முன்வந்தார்கள். மகிழ்ந்து போனோம். வரைபடம் வந்தபோது அதில் ஒரு பகுதி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்த நகர சபை அலுவலர் ஒருவர், "அந்தப் பக்கம் பிரச்சினை இல்லைப் போலிருக்கிறது" என்றார். உண்மையில் அங்கே எவரும் வெப்பமானி வைக்கவில்லை. ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஆசிரியர், தோட்டம் உள்ள வீட்டுக்காரர்தான் எங்கள் அறிவித்தலை வாசித்திருந்தார்கள். வெறுமையாக இருந்தது அடுக்குமாடிகளில் குடியேறிகள் நெருங்கி வாழும் பகுதி. எங்கள் படிவம் அவர்கள் வாசிக்கும் பாஷையில் இருக்கவில்லை.

எங்கள் பிழையைக் காட்டித் தந்தது செய்மதி. லாண்ட்சாற்றில் வெப்பத்தை உணரும் கருவி உண்டு. அது காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை, கூரையும் தாரும் எவ்வளவு சூடேறுகின்றன என்பதை அளக்கிறது. அந்தப் படத்தில், எங்கள் வெறுமையான பகுதி நகரத்திலேயே மிகச் சூடான பகுதிகளில் ஒன்றாக இருந்தது. வானம் காணாததை வாசல் காணும் என்று சொன்னேன். வாசலில் சிலரை மட்டும் கேட்டுவிட்டு ஊரையே கேட்டதாக நாங்கள் நினைக்கும்போது, அதைப் பிடித்துத் தருவது வானம்தான்.

பிறகு கதவு கதவாகத் தட்டினோம். ஐந்தாம் மாடியில் ஒரு கதவைத் திறந்தவர் எங்கள் நாட்டுத் தமிழ்ப் பெண். இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் படுக்கும் அறையில் வெப்பமானியை வைத்தார். இரவு பதினொரு மணிக்கும் விடியப்புறமும் எண்ணைப் பார்த்துக் கைத்தொலைபேசியில் அனுப்புவார். இரண்டு கோடை முழுக்க ஒரு நாள் தவறவில்லை. மூன்றாம் வருடம் திட்டத்துக்கான நிதி முடிந்தது. இணையத்தளம் மூடப்பட்டது. நாங்கள் அறிக்கை எழுதி, மாநாட்டில் கைதட்டு வாங்கி, அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டோம். ஒரு வருடம் கழித்து அவரைக் கடையில் கண்டேன். "அக்கா, நான் ஒவ்வொரு நாளும் அனுப்பினன். அதை ஆர் பாத்தது?" என்று கேட்டார். குற்றஞ்சாட்டிக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டார். அறிக்கையின் ஒரு வரைபில் அவர் ஒரு புள்ளி. அதைக்கூட நாங்கள் அவருக்குக் காட்டவில்லை. சின்னம்மா கேட்ட அதே கேள்வி.

இதைச் சரியாகச் செய்த இடங்களும் உண்டு. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 2018 மே மாதத்தில் 20,000 பேர் வீதியைப் பார்த்த யன்னலுக்கு வெளியே சிறு குழாய்களைப் பொருத்தி, வாகனப் புகையில் வரும் நைதரசன் ஈரொட்சைட்டை அளந்தார்கள். அன்ற்வேர்ப் பல்கலைக்கழகமும் சுற்றாடல் முகவரகமும் ஒரு நாளேடும் சேர்ந்து நடத்தின. அதே வாயுவை அளக்கும் சென்ரினல்-5பி செய்மதி அப்போது வானில் இருந்தது. ஆனால் அதன் ஒரு புள்ளி பல கிலோமீற்றர் அகலம். ஒரு பெரிய நகரம் அதற்குச் சில புள்ளிகள்தான். இருபுறமும் உயர்ந்த வீடுகள் நெருங்கிய வீதியில் புகை தேங்குகிறது, பக்கத்து வீதியில் அப்படியில்லை என்பதை யன்னற் குழாய்கள் காட்டின. முக்கியமான விஷயம், முடிவு நாளேட்டிலும் வரைபடத்திலும் எல்லோர் கண்ணுக்கும் வந்தது. குழாய் பொருத்தியவர் தன் வீதியின் எண்ணைத் தானே பார்த்தார்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2014 டிசெம்பரில் இன்னொரு வழி தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகமும் ஜகார்த்தா அனர்த்த முகாமைத்துவ அமைப்பும் சேர்ந்து செய்தவை. வெள்ளம் என்று எவராவது டுவிற்றரில் எழுதினால், உடனே அவருக்குத் தானியங்கியாக ஒரு பதில் போனது: நீங்கள் நிற்கும் இடத்தோடு உறுதிப்படுத்துங்கள் என்று. உறுதிப்படுத்தினால் அது படத்தில் ஏறியது. அதிகாரி பார்த்த அதே படத்தை வெள்ளத்தில் நின்றவரும் பார்க்க முடிந்தது. நீ சொன்னதைக் கேட்டேன் என்று பதில் வருகிறதே, அதுதான் மறுமுறையும் சனங்களைச் சொல்ல வைப்பது.

பெண்கள் பாடசாலை மேடையில் நின்று ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. வெள்ளம் வரும்போது நடக்கமுடியாத முதியவர் எந்த வீட்டில், பிள்ளைத்தாச்சி எந்த வீட்டில், துணையில்லாத பெண் எந்த வீட்டில் என்று தெரிந்தால்தான் படகை முதலில் எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கலாம். ஆனால் 'இந்த வீட்டில் ஒரு பெண் தனியே இருக்கிறாள்' என்று எவரும் பார்க்கும் படத்தில் ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளியைப் பார்ப்பவர் எல்லோரும் நல்லவர் அல்ல. போருக்குப் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் எத்தனையோ உள்ள மாவட்டம் இது. கூரை, வடிகான், வெள்ள உயரம் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். ஆளைப் பற்றிய தகவல் அந்த ஊரில் பொறுப்பாக உள்ள ஒருவரின் பூட்டிய கொப்பியில் இருக்கவேண்டும், அதுவும் அந்த ஆளின் சம்மதத்தோடு. இந்த இரண்டையும் கலந்துவிடும் எந்தத் திட்டத்தையும், அதற்கு எவ்வளவு நிதி வந்தாலும், வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு வேண்டும்.

இனி, நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டதற்கு என் பதில். கட்டடம் கட்டுவோர் கட்டட்டும். நான் கேட்பது ஒரு சிறிய முன்னோடித் திட்டம். பெரிய பணம் வேண்டாம்.

ஒன்று, பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி. நாள்தோறும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும். நாடு முழுக்க மழையை அளப்பது அந்த நேரத்தில்தான். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். மண்டபக் கூரையில் எத்தனை லீற்றர் விழுந்தது, அது எங்கே போனது என்று கணிதப் பாடத்திலேயே கேட்கலாம்.

இரண்டு, வெள்ளக் குறி. ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பாடசாலை மதிலிலும், சம்மதிக்கும் வீடுகளின் மதிலிலும் திகதியோடு நிறத்தால் கீறவேண்டும். பத்துக் குறிகள் சேர்ந்தால், வானத்துப் படம் அறியாத அந்த ஒரு முழத்தை நாங்கள் அறிவோம்.

மூன்று, இது கனடாவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கும் என் தோழியருக்கு. எங்கள் ஊரின் படம் வரைந்த பின்னர் எத்தனையோ புது வீடு, புது மதில், மூடிய வடிகான் வந்துவிட்டன. ஓபன்ஸ்ட்ரீட்மப்பில் செய்மதிப் படத்தைப் பார்த்து ஒரு வீட்டின் கூரையைக் கீற ஒரு நிமிடம் போதும். பிள்ளைகள் படுத்த பின்னர் ஒரு மணித்தியாலம் இருந்து நீங்கள் அங்கிருந்து கீறுங்கள். இங்குள்ள மாணவிகள் இருவர் இருவராக நடந்து பார்த்து, நீங்கள் கீறியது வீடா, கோழிக்கூடா, இடிந்துபோன மடமா என்று திருத்துவார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊருக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்களே, இதோ இருக்கிறது.

நான்கு, திருப்பிக் கொடுத்தல். ஒவ்வொரு மாரி முடிவிலும் இந்த மண்டபத்தில் படத்தைத் தொங்கவிட்டு, தகவல் தந்த அம்மாமாரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும். கிராம உத்தியோகத்தரும் மாநகர சபை ஆட்களும் வரட்டும். எந்த வடிகான் முதலில் துப்புரவாக்கப்படவேண்டும் என்பதை எல்லோர் முன்னிலையிலும் பேசட்டும். தகவல் தந்தவர் காணாத படத்தை வேறு எவருக்கும் அனுப்பக்கூடாது. வருடந்தோறும் பத்தாம் வகுப்பு மாணவிகள் அடுத்த வகுப்புக்குக் கொப்பியைக் கையளிக்கவேண்டும். நிதி முடிந்தாலும் நான்காம் வருடமும் நாற்பதாம் வருடமும் இது நடக்க அதுதான் வழி. திட்டங்கள் மூன்று வருடத்தில் முடியும். பாடசாலை நூறு வருடம் நின்று காட்டியிருக்கிறது.

நகரம் ஸ்மார்ட் ஆவது கருவியால் அல்ல என்று சொல்லிக் கருவியைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. அந்தக் கருவிகளால்தான் நான் சோறு தின்கிறேன். ஆனால் எழுதினதைக் காட்டுவாங்களா என்று கேட்கும் ஒரு சின்னம்மாவுக்கு, காட்டுவோம் என்று சொல்லி, சொன்னபடி காட்டும் ஊருக்குத்தான் அந்தக் கருவிகள் பயன்படும்.

என் சின்னம்மா இப்போது இல்லை. அந்த ரீச்சரும் இல்லை. முப்பத்தாறு தாள் ஒட்டிய அந்தப் படம் பாடசாலையின் ஏதாவது ஓர் அலுமாரியின் மேல் சுருண்டு கிடக்கிறதோ, கறையான் தின்றதோ தெரியாது. எவர் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள். நாற்பது வருடத்துக்கு முந்திய வெள்ளத் தரவு அது, எந்தச் செய்மதியிடமும் இல்லை. கிடைக்காவிட்டால், தங்கைமாரே, உங்களுக்கு ஒரு தாள் தரப்படும். இன்று வீட்டுக்குப் போகும்போது நடந்து போங்கள். மாரியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.